டீச்சர் டிக் போட்டா சரி

உங்க அம்மாகிட்டயா பேசினீங்க? தப்பா நினைக்காதீங்க, ஒட்டுக் கேக்கலை. பக்கத்து சீட்டு, காதிலே விழத்தானே செய்யும். "அந்த லிங்கைத் தொடாதேம்மா, தொடாதேம்மா"ன்னு எத்தனை தடவை சொன்னீங்க. இந்நேரம் தொட்டிருப்பாங்க. நீங்க கோபமாச் சொன்னீங்க இல்லையா, அதுக்கே தொட்டிருப்பாங்க. இல்லம்மா, பயப்படாதீங்க. தொட்டதோட நிறுத்திட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். அடுத்தாப்லே அது பேரைக் கேக்கும், நம்பரைக் கேக்கும், அதுக்கெல்லாம் பதில் சொன்னாத்தான் வம்பு. சாயங்காலமா இன்னொரு தடவை பேசுங்க. அப்பவாவது மெதுவாப் பேசுங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, நான் இதுக்கு வகுப்பே எடுத்திருக்கேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நான் டீச்சர். எட்டாவது வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம், ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிடையர் ஆனேன். அதுக்கப்புறம் மதுரையிலே ஒரு அறக்கட்டளைக்காரங்க, பேரு வேண்டாம், என்னை மாதிரி ரிடையர் ஆனவங்களைக் கூப்பிட்டு டிரெயினிங் குடுத்தாங்க. வயசானவங்களுக்குப் போன்லே வர்ற பொய்யி, ஏமாத்து, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லிக் குடுக்கணும். யோசிக்கச் சொல்லிக் குடுக்கணும்னாங்க. ஒரு பேனரும் குடுத்தாங்க. அது இப்போ வீட்டுப் பரண்லே கிடக்கு.

ஏன் கிடக்குன்னு நீங்க கேக்கலை. கேக்கலேன்னாலும் சொல்றேன். திருமங்கலம் தாண்டற வரைக்கும் காத்தும் வராது, தூக்கமும் வராது. உங்களுக்கும் ஒரு அம்மா இருக்காங்க, தெரிஞ்சுக்குங்க.

எங்க ஊரு நூலகத்திலேதான் வகுப்பு. சனிக்கிழமை சாயங்காலம். முதல்லே யாரும் வரலை. அப்புறம் மிக்சரும் டீயும் உண்டுன்னு நூலகர் சொன்னதும் வர ஆரம்பிச்சாங்க. எல்லார் கையிலேயும் பெரிய போன். பிள்ளைங்க வாங்கிக் குடுத்தது. வாங்கிக் குடுத்த பிள்ளை வெளியூர்லே, வெளிநாட்டிலே. அதனாலே போன்லே யாரு எது சொன்னாலும் பிள்ளையே சொன்ன மாதிரி நம்பறது. வெங்காயத்தை வெட்டிக் காலுறைக்குள்ளே வச்சுத் தூங்கினா சளி போயிடும். நம்பினாங்க. அரசாங்கம் இலவசமாத் தையல் மிஷின் தருது, இங்கே அமுக்கு. அமுக்கினாங்க. ஊசி தவிர எல்லாம் வருமாம். பாவமா இருந்துச்சு.

நான் போர்டிலே எழுதிப் போட்டேன். யாரு சொன்னது, எப்ப சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டுட்டுத்தான் எதையும் நம்பணும். வகுப்பு ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் வாய்ப்பாடு மாதிரி எல்லாரையும் சேர்ந்து சொல்ல வச்சேன். அறக்கட்டளைக்காரங்க வந்து பாத்துட்டு வீடியோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. இவ்வளவு ஒழுங்கா வேற எந்த ஊர்லேயும் இல்லேன்னாங்க.

ஆனா அவங்களாலே தனியாக் கண்டுபிடிக்க முடியலைம்மா. வயசு அப்படி. அதனாலே நான் இன்னும் சுலபமாக்கிக் குடுத்தேன். தேதி இல்லேன்னா பொய். எழுத்துப் பிழை இருந்தா பொய். ஆச்சரியக்குறி வரிசை கட்டி நின்னா பொய். "அனைவருக்கும் பகிரவும்"னு முடிஞ்சா பொய். அதுவும் முடியலையா, எனக்கு அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டேன். வாட்ஸப்லே ஒரு குரூப் ஆரம்பிச்சேன். அவங்க அனுப்புவாங்க, நான் பாத்துட்டு நிஜமா இருந்தா பச்சை டிக், பொய்யா இருந்தா சிவப்பிலே கிராஸ். அவ்வளவுதான். என்னா நிம்மதி அவங்களுக்கு. கடைத்தெருவிலே பாத்தாக்கூட, "டீச்சர் டிக் போட்டா சரி"ன்னு பேசிக்குவாங்க. எனக்குத்தான் ஓய்வே இல்லை. பல்லு விளக்கறதுக்கு முன்னாடி உக்காந்து டிக்கும் கிராஸுமாப் போடணும். கண்ணு எரியும். ஆனா யாரு போடறது, நான் போடலேன்னா?

உலகம்மான்னு ஒரு அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூப்பு. அஞ்சாவதோட படிப்பு நின்னுபோச்சு. வீட்டுக்காரர் இல்லை, மகன் கப்பல்லே வேலை பாக்கறான், மருமக ஜெயசுதாதான் கூட இருந்து பாத்துக்கறா. சர்க்கரை உண்டு. இந்தம்மா வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து முன் பெஞ்சிலே உக்காந்துக்குவாங்க. ஒரு நாள் இவங்களுக்கு ஒரு போன். கரண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், பில்லு பாக்கி, இன்னிக்கே ஃபியூஸைப் பிடுங்கப் போறோம், உடனே இந்த ஆப்பை இறக்குங்கன்னு ஒருத்தன். உலகம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? "யாரு சொன்னது, எப்ப சொன்னது, உனக்கு எப்படித் தெரியும்"னு வகுப்பிலே பாடற மாதிரியே ராகமாக் கேட்டிருக்காங்க. அவன் போனை வச்சுட்டான். வகுப்பிலே வந்து சொன்னப்போ எல்லாரும் கை தட்டினாங்க. என் சர்வீஸ்லேயே அப்படி ஒரு நாள் கிடையாதும்மா. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், கிடையாது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்த சர்வேயர் வர்ற வரைக்கும்.

குருபாதம்னு பேரு. நிலம் அளக்கற சர்வேயரா இருந்து ரிடையர் ஆனவரு. மனைவி போனதுக்கப்புறம் எங்க தெருவுக்குக் குடி வந்தாரு. மழையோ வெயிலோ, கையிலே குடை. பின் பெஞ்சிலே உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. கேக்கற விதமும் ஒரு மாதிரி. மரியாதையாத்தான் கேப்பாரு, அதான் எரிச்சலா இருக்கும்.

"டீச்சர், வெங்காயம் பொய்யின்னு கிராஸ் போட்டிருந்தீங்களே. பொய்யின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன் சார்."

"எங்கே பாத்தீங்கன்னு தெரிஞ்சா நாங்களும் பாத்துக்குவோம்."

நெட்லே பாத்தேன்னேன். நெட்லேதானே டீச்சர் வெங்காயமும் வந்துச்சுங்கறாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அடுத்த வாரம் என்ன பண்ணாரு, அந்த மனுஷன் நிஜமாவே வெங்காயத்தை வெட்டிக் காலுறைக்குள்ளே போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. வந்து வகுப்பிலே எழுந்து நின்னு சொல்றாரு, "சளி அப்படியே இருக்கு. கால்தான் நாறுது. டீச்சர் போட்ட கிராஸ் சரிதான்." எனக்கு ஆதரவாச் சொல்றாரா, கேலி பண்றாரான்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை. நான் கிராஸ் போட்டதுக்கு மேலே அவரு என்ன சரி பாக்கறது?

அதோட விடலை. வகுப்பு முடிஞ்சு வெளியே போறப்போ ஒவ்வொருத்தர்கிட்டயும், "டீச்சர் டிக் போட்டாலும் நீங்க ஒரு தடவை விசாரிச்சுக்குங்க"ன்னு சொல்றது. எனக்குக் காதிலே விழுந்துச்சு. விழணும்னுதான் சொன்னாரோ என்னமோ.

அப்புறம் அந்தக் கண் முகாம். ஒரு நாள் குரூப்லே ஒரு செய்தி வந்துச்சு. பழைய தபாலாபீஸ் எதிரே இலவசக் கண் பரிசோதனை முகாம், இன்ன தேதி, இன்ன நேரம், டாக்டர் பேரு, அவர் படிச்ச படிப்பு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. பகிரவும் இல்லை. நான் பச்சை டிக் போட்டேன். நீங்களா இருந்தாலும் போட்டிருப்பீங்க. உலகம்மா காலையிலேயே கிளம்பி, பங்குனி வெயில்லே அங்கே வரைக்கும் நடந்து போயிருக்காங்க. பூட்டின ஷட்டர்தான் இருந்திருக்கு.

சனிக்கிழமை குருபாதம் எழுந்து நிக்கறாரு. "அந்தச் செய்தியை எழுதினது நான்தான். யாராவது விசாரிக்கறீங்களான்னு பாக்கலாம்னு போட்டேன். முகாம் தேதிக்கு முந்தின நாளே உண்மையைச் சொல்லிடணும்னு இருந்தேன், தேதியைத் தப்பாப் போட்டதிலே அது இந்த வகுப்புக்கு முன்னாடியே வந்துடுச்சு. யாரும் விசாரிக்கலை. டீச்சர் உள்பட." அப்புறம் உலகம்மா பக்கம் திரும்பி, "உங்களை வெயில்லே நடக்க விட்டது என் தப்பும்மா, மன்னிச்சுக்குங்க"ன்னாரு.

உலகம்மா சொன்னாங்க, "அதனாலே என்னங்க. டீச்சர் டிக் போட்டிருந்தாங்க, நான் போனேன்."

பாருங்க அந்த மனசை. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லலை.

நான் அன்னிக்கே அவர்கிட்டே சொல்லிட்டேன். "சர்வேயர் சார், பொய்யைத் தடுக்கற வகுப்பிலே பொய்யை எழுதிப் போட்டவருக்கு இடம் இல்லை. நீங்க இனிமே வர வேண்டாம்." சண்டை போடுவாருன்னு நினைச்சேன். போடலை. "சரிங்க டீச்சர்"னு குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

கொஞ்சம் அந்த ஜன்னல் கண்ணாடியை நகர்த்துங்களேன். ஆங், போதும்.

அப்புறம் ஐப்பசி மாசம் வந்துச்சு. எங்க தெருமுனையிலே பாதாளச் சாக்கடைக்குன்னு தோண்டிப் போட்டிருந்தாங்க. மழை வேற. ஒரு நாள் மத்தியானம் உலகம்மாகிட்டேர்ந்து ஒரு செய்தி. "டீச்சர் இது நிஜமா"ன்னு கேட்டு அனுப்பியிருந்தாங்க. நான் அதை அப்படியே சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. "குடிதன்னியில் சாக்கட கலந்துவிட்டது மேலத்தெரு பிள்ளையார்கோவில் தெரு யாரும் குடிக்க வேன்டாம் அனைவருக்கும் பகிரவும்." அதுக்குப் பின்னாலே ஆச்சரியக்குறி வேலி கட்டின மாதிரி நிக்குது. தேதி கிடையாது. எந்த ஆபீஸ், யாரு கையெழுத்து, ஒண்ணும் கிடையாது. 'தண்ணி'க்கே எழுத்துப் பிழை. நான் சொல்லிக் குடுத்த அத்தனை அடையாளமும் ஒரே செய்தியிலே. பாடப் புத்தகத்திலே உதாரணம் போடலாம், அப்படி இருந்துச்சு.

சிவப்பு கிராஸ் போட்டேன். கீழே, "மக்களைப் பீதியாக்கும் செய்தி, யாரும் நம்ப வேண்டாம்"னு எழுதியும் போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டு நன்றி சொன்னாங்க.

சாயங்காலம் குருபாதம் எங்க வீட்டு வாசல்லே வந்து நிக்கறாரு. வேட்டியிலே சேறு. அவரை நிறுத்தி வைக்கணும்னு இல்லை, ஆனா உள்ளே வாங்கன்னும் நான் சொல்லலை.

"டீச்சர், அந்தத் தண்ணி விஷயம் நிஜம். தோண்டின பள்ளத்திலே குடிதண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கு. போய்ப் பாத்துட்டு வர்றேன். வால்வு திறக்கறவர்கிட்டயும் கேட்டேன். ஆபீஸ்லே சொல்லியும் யாரும் அசையலேன்னு அவருதான் தன் போன்லேர்ந்து அதை அனுப்பியிருக்காரு."

"ஆபீஸ்லேர்ந்து அறிவிப்பு வந்திருக்கா சார்?"

"இன்னும் வரலை."

"அப்போ?"

"அப்போன்னா, குழாய் உடைஞ்சிருக்கு டீச்சர்."

"கண் முகாம்னு எழுதினதும் நீங்கதானே?"

குடையை மடக்கினாரு. அப்புறம் சொன்னாரு, "அதனாலேதான் என்னை நம்புங்கன்னு நான் சொல்லலை. நீங்க வந்து பாருங்கன்னு சொல்றேன். தெருமுனைதான். நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டுத்தான் வர்றேன். யாரும் கேக்கலை. உலகம்மா போனை எடுத்து உங்க கிராஸைக் காட்டறாங்க. நீங்க அதை எடுத்துட்டாப் போதும்."

நானே போய்ப் பாத்திருக்கலாம்னு இப்போ எல்லாரும் சொல்றாங்க. சொல்லுவாங்க. தூறிக்கிட்டிருந்துச்சு. எனக்கு முட்டி வலி. அந்தச் சேத்திலே வழுக்கி விழுந்தா என்னை யாரு தூக்கறது? அது மட்டும் இல்லை. ஒரு தடவை கிராஸ் போட்டுட்டு, யாரோ வாசல்லே வந்து சொன்னாங்கன்னு எடுத்தா, அப்புறம் என் கிராஸுக்கு என்ன மதிப்பு? அறிவிப்பு வரட்டும் சார்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன். மெதுவாத்தான் சாத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோவிலே மைக் கட்டிக்கிட்டு வந்து அறிவிச்சாங்க. அறிவிப்பு வந்த உடனே நான் குரூப்லே பச்சை டிக் போட்டுட்டேன். ஒரு நிமிஷம் தாமதிக்கலை. அது கணக்கிலே வரலை பாருங்க, யாருக்கும்.

அதுக்குள்ளே தெருவிலே பாதிப் பேருக்கு வாந்தியும் பேதியும். எனக்கு ஒண்ணும் ஆகலை. நான் எப்பவும் கேன் தண்ணிதான். வயித்துக்கு ஒத்துக்காதுன்னு பல வருஷமா அப்படித்தான்.

உலகம்மாவைத்தான் ரொம்பப் படுத்திடுச்சு. சர்க்கரைக்காரங்க இல்லையா, உடம்பிலே தண்ணி வத்தினதும் கிட்னி மக்கர் பண்ண ஆரம்பிச்சுடுச்சுன்னு பெரியாஸ்பத்திரியிலே சேத்துட்டாங்க. ஏற்கெனவே சர்க்கரை. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. சர்க்கரை இல்லேன்னா மத்தவங்க மாதிரி வீட்டிலேயே சரியாயிருக்கும்.

நான் பாக்கப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கிட்டுப் போனேன், அதைச் சாப்பிடக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. கையிலே டிரிப் ஏறுது. முகம் இத்தனூண்டு ஆயிடுச்சு. ஜெயசுதா கட்டில் கால்மாட்டிலே நின்னுக்கிட்டிருந்தா. வாங்கன்னா, அவ்வளவுதான்.

உலகம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "டீச்சர், எல்லாரும் தண்ணியாலேதான்னு சொல்றாங்க. தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க பொய்யின்னு போட்டிருந்தீங்களே. அன்னிக்கு நான் முந்தின நாள் மீன் குழம்பை ஊத்திச் சாப்பிட்டேன். அதுதான் வயித்தைக் கெடுத்திருக்கும். என்ன டீச்சர்?"

சுகமில்லாமப் படுத்திருக்கறவங்ககிட்டே வாதம் பண்ண முடியுமா? நீங்களே சொல்லுங்க. ஜெயசுதா என்னையே பாத்துக்கிட்டிருக்கா.

"ஆமாம்மா, மீன் குழம்பாத்தான் இருக்கும்"னேன்.

அவங்களுக்கு முகத்திலே அப்படி ஒரு தெளிச்சி. இந்த ஊரிலே என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க அவங்க ஒருத்தர்தான்.

மத்தவங்களைக் கேளுங்க. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போறேன், நூலகர் மட்டும் உக்காந்திருக்காரு. எல்லாரும் குருபாதம் கூடப் போயிட்டாங்க. எங்கே தெரியுமா? பேங்குக்கு. ஏதோ கணக்கை முடக்கிடுவோம்னு ஒருத்தருக்குச் செய்தி வந்துச்சாம், அது நிஜமான்னு மேனேஜரையே நேர்ல கேக்கறதுக்கு எல்லாரும் சேர்ந்து போயிருக்காங்க. அதுக்கடுத்த வாரம் ரேஷன் கடைக்கு. இன்னொரு நாள் தண்ணி டாங்க்கைப் பாக்க. ஒருத்தர் சொன்னா நம்பாம இப்படி ஊரைச் சுத்திக்கிட்டிருக்காங்க. இது ஒரு வகுப்பாம்மா? வயசான காலத்திலே வெயில்லே. அவரைப் போய்க் கேட்டா, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே டீச்சர், கூடத்தானே போறேங்கறாரு. எனக்கு வகுப்பு எடுக்கற ஆசையே விட்டுப்போச்சு.

சரி, அது போகட்டும். உலகம்மா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. வந்த கொஞ்ச நாள்லே ஜெயசுதா எனக்குப் போன் பண்றா. அதுக்கு முன்னாடி அவ எனக்குப் போன் பண்ணினதே கிடையாது.

"டீச்சர், அத்தை தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்க மாட்டேங்கறாங்க. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. கேட்டா, தண்ணியிலே ஒண்ணும் இல்லை, டீச்சரே சொல்லிட்டாங்க, மீன் குழம்புதான்னு சொல்றாங்க. நான் சொன்னாக் கேக்கலை. அவரு கப்பல்லேர்ந்து பேசிச் சொன்னாரு, கேக்கலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னிக்குத் தண்ணிதான் கெட்டிருந்துச்சுன்னு நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவ கோபமாப் பேசலை. அழுத மாதிரி இருந்துச்சு.

போனேன். போகாம இருப்பேனா? உலகம்மா வாசல்லேயே உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தாங்க, நான்தான் உக்காருங்கன்னேன். உக்காந்துக்கிட்டேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படிம்மா சொல்றது? ஆஸ்பத்திரியிலே ஆமான்னுட்டு, இப்போ இல்லேன்னா, அந்தம்மா அப்புறம் எதைத்தான் நம்பும்? கரண்ட் ஆபீஸ்னு மறுபடி ஒருத்தன் போன் பண்ணினா? எல்லாத்தையும் யோசிச்சேன். பெரியவங்களை எப்படிக் கொண்டு போகணும்னு எனக்குத் தெரியும்.

"உலகம்மா, தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சு, செம்புப் பாத்திரத்திலே ஆற வச்சுக் குடிச்சா, சர்க்கரை தானா இறங்குமாம்"னேன்.

"அப்படியா டீச்சர்?"

"ஆமா."

அன்னிக்கே அடுப்பிலே குண்டானை ஏத்திட்டாங்க. ஜெயசுதா அடுப்படியிலேர்ந்து என்னைப் பாத்தா. அந்தப் பார்வையிலே நன்றி இருந்துச்சான்னு எனக்குத் தெரியலை. ஆனா தண்ணி கொதிச்சுதா இல்லையா? அவ கேட்டது அதுதானே?

உலகம்மாவுக்கு ஒரு பழக்கம், நல்லது தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்லாம இருக்க முடியாது. அதைப் போன்லே பேசியே எழுத்தாக்கக் கத்துக் குடுத்தது நான்தான். சொந்தக்காரங்களுக்கு, கப்பல்லே இருக்கற மகனுக்கு, பழைய சிநேகிதிங்களுக்கு, எல்லாருக்கும் போயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் ஜெயசுதா மறுபடி போன். "டீச்சர், சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க, தண்ணியே போதுமாம்." அப்படியே ஓடினேன். முட்டி வலியாவது ஒண்ணாவது. மாத்திரையை விடக் கூடாது, தண்ணி தனி, மாத்திரை தனின்னு கையிலே அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன். உடனே கேட்டுக்கிட்டாங்க. ஒரு கேள்வி கேக்கலை. இப்போ ஒழுங்காப் போடறாங்க, நல்லாவும் இருக்காங்க.

குருபாதமும் அந்தச் செய்தியைப் பாத்திருக்காரு. காய்கறிக் கடையிலே எதிரே வந்தாரு. கேக்கப் போறாரு, எங்கே படிச்சீங்க டீச்சர்னு கேக்கப் போறாருன்னு நான் பதில்கூட யோசிச்சு வச்சுக்கிட்டேன். "உடம்பைப் பாத்துக்குங்க டீச்சர்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உலகத்திலே இருக்கற எல்லாத்தையும் கேக்கற மனுஷன், இதை மட்டும் கேக்கலை. எனக்கு அது பிடிக்கலை.

இப்போ நான் மதுரையிலே என் தங்கச்சி வீட்டிலேர்ந்துதான் வர்றேன். வத்சலான்னு பேரு. அவளுக்கும் சர்க்கரை. நேத்து சாயங்காலம் போனை எடுத்துக் காட்டறா. "அக்கா, இதைப் பாத்தியா? நான் ஒரு வாரமா இதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

செம்புப் பானை படம் போட்டு, அழகா அச்சடிச்ச மாதிரி இருக்கு. 'ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவரின் அனுபவம்.' தேதி இருக்கு. ஒரு பிழை இல்லை. யாரு இப்படித் திருத்தினாங்களோ. கடைசி வரியிலே, மாத்திரை தேவையே இல்லைன்னு போட்டிருக்கு. அதை நான் சொல்லலை. நான் தண்ணியைத்தான் சொன்னேன்.

"பொய்யிடி, மாத்திரையைப் போடு"ன்னேன்.

"எப்படிப் பொய்யிங்கறே? தேதி இருக்கு. பிழை இல்லை. நீதானே எனக்கு அடையாளமெல்லாம் சொல்லிக் குடுத்தே."

"பொய்யின்னா பொய்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்கா?"

சின்ன வயசிலேர்ந்து அவ என்னை எதிர்த்துக் கேட்டதே கிடையாது. நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ வீட்டுக்காரரு இருந்தாரு, சம்பந்தி வீட்டுக்காரங்க வேற வந்திருந்தாங்க. எங்க அக்கா இதிலே எல்லாம் பெரிய ஆளுன்னு அவங்ககிட்டே அப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. காலையிலேயும் கேட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பி வந்துட்டேன். இன்னிக்கும் மாத்திரை போட்டிருக்க மாட்டா.

நீங்க ஒரு உதவி பண்றீங்களாம்மா? உங்க போன்லேர்ந்து அவளுக்கு ஒரு போன் போடுங்க. டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசறோம், அந்தத் தண்ணி விஷயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நம்பர் சொல்றேன். உங்க குரல் படிச்ச குரலா இருக்கு, கேப்பா.

அடிக்குதா?

எடுக்கலையா. எடுக்க மாட்டா. தெரியாத நம்பர்லேர்ந்து வந்தா எடுக்காதேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்களேன்.